ஊனோவா, டாபிள் கிட்ஸா? ஐந்து வயதுக்கு ஏற்ற சீட்டு விளையாட்டு

வீட்டில் பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. இருவரும் சேர்ந்து ஆட ஒரு சீட்டு விளையாட்டு தேடியபோது கடைசியில் மிஞ்சியவை மூன்று: சாதாரண 52 சீட்டுக் கட்டு, ஊனோ, டாபிள் கிட்ஸ். எங்கள் வீட்டில் அதிகம் வெளியே வருவது டாபிள் கிட்ஸ்தான். அதனால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

சாதாரணக் கட்டு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் 'கழுதை' என்ற எளிய சீட்டாட்டம் ஆடுவதற்கே இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 13 சீட்டு. இந்த வயதுக்கு அது ஆகாது. "குழந்தைகளுக்குச் சீட்டாட்டமா?" என்று தாத்தா முகம் சுளிப்பது தனிக் கதை.

ஊனோவின் விதிகள் கடினமில்லை. நாலு நிறமும் ஒன்பது வரை எண்ணும் தெரிந்தால் போதும், அது சின்னவளுக்கு நன்றாகவே தெரியும். பெட்டியில் ஏழு வயது என்று ஏன் போட்டிருக்கிறார்கள் என்பது ஆடும்போதுதான் புரிகிறது. சிக்கல் மூளையில் இல்லை, விரலில் இருக்கிறது. தொடக்கத்திலேயே ஏழு சீட்டு. அவற்றை விசிறி போல் விரித்துப் பிடித்து, ஓரத்து எண்ணைப் பார்த்து, நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவ வேண்டும். உருவும்போது மீதி மடியில் கொட்டும். பொறுக்குவதற்குள் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான், அவள் அழுவாள். அந்த நேரம் பார்த்து அடுத்தவரை நாலு சீட்டு எடுக்க வைக்கும் ஒரு 'பிளஸ் நாலு' விழுந்தால் கையில் பத்துக்கு மேல் சேர்ந்துவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. துணி துவைக்கும் பிரஷை முட்கள் மேலே பார்க்கும்படி வைத்து, அவற்றுக்கு நடுவே சீட்டுகளைச் செருகினால் நிற்கும். ஐந்து சீட்டோடு தொடங்கலாம், பிளஸ் நாலை எடுத்து ஒதுக்கியும் வைக்கலாம். நாங்கள் எல்லாம் செய்தோம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டத்துக்கு முன்னால் இவ்வளவு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தால், அடுத்த வாரம் யாரும் பெட்டியைத் திறக்கப் போவதில்லை.

டாபிள் கிட்ஸில் கையில் பிடித்து மறைக்க எதுவுமே இல்லை. 30 வட்டச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஆறு விலங்குப் படங்கள். எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் ஒரே ஒரு விலங்கு இரண்டிலும் இருக்கும். நடுவில் ஒன்று, ஆளுக்கு முன்னால் ஒன்று. பொதுவான விலங்கை முதலில் கத்துகிறவருக்கு நடுச் சீட்டு. எழுத்து, எண், முறை வரும்வரை காத்திருத்தல் எதுவும் கிடையாது. சோபாவுக்கு அடியில் ஒன்றிரண்டு தொலைந்தாலும் பரவாயில்லை. மிச்சமிருப்பவற்றில் எந்த இரண்டுக்கும் பொதுப்படம் அப்படியேதான் இருக்கும். செட்டு சேர்க்கிற ஆட்டங்களில் ஒரு சீட்டு போனாலே ஒரு செட்டு காலி.

குறையும் உண்டு. இது வேகத்தின் ஆட்டம். பெரியவன் முழு வேகத்தில் ஆடினால் சின்னவளுக்கு ஒரு சீட்டுகூடத் தேறாது. அதனால் அவன் படத்தைக் கண்டுபிடித்த பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். அவன் எண்ணுகிற வேகம் பற்றித் தினமும் வழக்கு நடக்கிறது. படங்கள் தலைகீழாகவும் சில மிகச் சிறிதாகவும் இருக்கும். கண்ணாடி போட்ட பாட்டிக்கு ஊனோவின் பெரிய எண்தான் வசதி.

பார்வை என்றதும் இன்னொன்று. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குருடு ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். சாதாரண ஊனோ அவர்களுக்குத் தலைவலி. நிறத்துக்கு ஒரு குறி அச்சிட்ட பதிப்பு 2017-இலும், பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கும் பிரெயில் பதிப்பு 2019-இலும் வந்தன. டாபிளில் விலங்கின் உருவத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பதால் நிறம் பெரிய தடையாக இராது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் இல்லாததால், வாங்குவதற்கு முன் உங்கள் பிள்ளையை ஆடவிட்டுப் பாருங்கள்.

விலையில் ஊனோ மலிவு, அதனால் பெரியவனுக்காக அதையும் வைத்திருக்கிறோம். டாபிள் வாங்கும்போது டப்பாவில் 'கிட்ஸ்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண டாபிளில் 55 சீட்டு, ஒவ்வொன்றிலும் எட்டுப் படம். ஐந்து வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்.