ஸ்லைஸா, டைலா?

வீடியோவின் ஒவ்வொரு படத்தையும் (ஃபிரேம்) தனித்தனியாக டிகோட் செய்யும்படி, அதாவது சுருக்கியதை விரித்தெடுக்கும்படி, துண்டுகளாகப் பிரிக்கப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஸ்லைஸ் பழையது, எச்.264 என்ற பழைய வீடியோ சுருக்கத் தரநிலையிலேயே உண்டு. படத்தின் சிறு கட்டங்களான பிளாக்குகளை வரிவரியாக எடுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் வெட்டுவது, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் தனி ஹெடர் (டிகோட் செய்யத் தேவையான தலைப்புத் தகவல்) இருப்பதால், நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அந்தப் படத்தில் அந்தப் பட்டை மட்டும்தான் கெடும். நெட்வொர்க் மோசமென்றால் என் ஓட்டு இதற்கே.

2013-இல் எச்.264-க்கு அடுத்த தரநிலையான ஹெச்இவிசி கொண்டுவந்த டைல் செவ்வகமானது. நீளப் பட்டையைவிட எல்லை குறைவு. அதனால் பக்கத்து பிளாக்கை வைத்துக் கணிக்கும் வாய்ப்பு அதிகம் மிஞ்சுகிறது, சுருக்கமும் அவ்வளவாகக் கெடாது. பிராசஸரின் பல கோர்களுக்குப் பங்கிடவும் வசதி. ஆனால் இந்தத் தனித்தன்மை அந்த ஒரு படத்துக்குள் மட்டும்தான்! ஒரு பிளாக்கை முந்தைய படத்தின் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று காட்டும் மோஷன் வெக்டர், அந்தப் படத்தின் பக்கத்து டைலுக்குள் எட்டிப் பார்க்கும். 360 டிகிரி வீடியோவில் பார்க்கும் பகுதியை மட்டும் அனுப்ப, வீடியோவைச் சுருக்கும் என்கோடரே அதைத் தடுக்க வேண்டும். 2020-இல் வந்த அடுத்த தரநிலையான விவிசியின் சப்பிக்சரில் (படத்துக்குள் தனியாகப் பிரித்த செவ்வகப் பகுதி) அந்தத் தடை தரநிலையிலேயே இருக்கிறது.