நட்சத்திரக் கடையா, பட்டறைக் கடையா?

மெக்சிகோ நகரத்துக்கு மறுபடி போனால், மக்காச்சோள ரொட்டியில் இறைச்சி வைத்துத் தரும் டாக்கோவை எங்கே சாப்பிடுவது என்பதில் எனக்கு முன்பெல்லாம் குழப்பமே இருந்ததில்லை. நர்வார்த்தே பகுதியில் இருக்கும் எல் வில்சீத்தோதான். பகலில் கார் பழுதுபார்க்கும் பட்டறை, இரவானால் டாக்கோ கடை. 2024 மே மாதத்தில் அதற்கு ஒரு போட்டி முளைத்தது. சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் கையேடு முதன்முறையாக மெக்சிகோவுக்கு வந்தபோது, சான் ரஃபாயேல் பகுதியில் 1968 முதல் நடக்கும் எல் கலிஃபா தே லெயோன் என்ற சிறிய டாக்கோ கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டது. அதன் பிறகு, அங்கே சாப்பிடாமல் ஊர் திரும்புவது ஏதோ குற்றம் என்பதுபோல் எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பயணத்தில் இரண்டு கடையிலும் சாப்பிட்டேன். என் ஓட்டு இன்னமும் பட்டறைக்கே.

இரண்டுமே நின்று சாப்பிடும் கடைகள், இரண்டிலும் சல்சா என்னும் காரச் சட்னி பிரமாதம். அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உணவுப் பழக்கம் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கலிஃபாவின் பட்டியலில் இருப்பவை நான்கே டாக்கோக்கள். அவற்றில் சூலேத்தா மட்டும் பன்றி, மற்றவை மாடு. வில்சீத்தோவின் பெருமையோ முழுக்கப் பன்றி இறைச்சியில் இருக்கிறது. இரண்டும் ஆகாது என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை.

கலிஃபாவின் பெயரைத் தூக்கி நிறுத்துவது காவோனேரா. காளைச் சண்டை வீரர் ரொதோல்ஃபோ காவோனாவின் பெயரைத் தாங்கிய டாக்கோ இது. மாட்டின் மென்மையான தசையைத் தாள்போல் மெல்லிதாக அறுத்து, கொதிக்கும் இரும்புக் கல்லில் போடுகிறார்கள். கல்லின் சூடு 360 டிகிரி செல்சியஸ் என்கிறார்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மூடி எலுமிச்சைப் பிழிவு, ஒரு திருப்பு, அவ்வளவுதான். மசாலா கிடையாது. பக்கத்திலேயே ஒரு பெண்மணி மக்காச்சோள மாவு உருண்டையை அழுத்திச் சூடாக டார்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டி போட்டுக்கொண்டிருப்பார். இறைச்சியின் சாறு அதில் ஊறும் பதத்தில் கைக்கு வருகிறது. பத்தடிக்குப் பத்தடி இடத்தில் இந்த வேலையைச் செய்பவர்களை மெச்சாமல் இருக்க முடியாது. டார்ட்டியாவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் கலிஃபா சுலபமாக ஜெயிக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நட்சத்திரம் வந்தபின் வாசலில் வரிசை நீண்டுவிட்டது. என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தக் கூட்டம்தான். கூட்டம் இரண்டு கடையிலும் உண்டு. அது செய்கிற வேலைதான் வேறு.

காவோனேரா நீங்கள் கேட்ட பிறகே கல்லில் விழுகிறது. முதல் ஆளுக்கும் ஐம்பதாவது ஆளுக்கும் ஒரே சுவை. சமையல்காரருக்கு அது பெருமை. நமக்கோ, நின்ற நேரத்துக்குத் தட்டில் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. வில்சீத்தோவின் அல் பாஸ்தோர் அப்படி இல்லை. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறை, மெக்சிகோவில் பன்றி இறைச்சிக்கும் மிளகாய்க்கும் சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே விதைக்கும் மாறியதில் பிறந்தது பாஸ்தோர். செங்குத்துக் கம்பியில் அடுக்கிய இறைச்சிக் கூம்பை த்ரோம்போ என்கிறார்கள். சுழலும்போது அதன் மேல்தோல் மட்டுமே வேகும். ஓரம் முறுகியதும் சீவிவிட வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் தீயைக் குறைப்பார்கள், இறைச்சி மெல்ல உலர்ந்துபோகும். அல்லது முன்பே சீவிவைத்ததைக் கல்லில் மறுபடி சூடுகாட்டித் தருவார்கள். ஆள் அளவுக்கு மீறினால் முறுகும் முன்பே கத்தி இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல், வேலை முடிந்தவர்களும் குடித்துவிட்டு வருபவர்களும் விடாமல் வந்துகொண்டிருக்கையில், த்ரோம்போவுக்கு அந்த வேகம் பிடிபடுகிறது. அப்போது டாக்கேரோவின், அதாவது டாக்கோ போடுபவரின், கையைப் பாருங்கள். இடது உள்ளங்கையில் டார்ட்டியா, வலது கையில் நீளக் கத்தி. நாலைந்து சீவல் விழுந்ததும் கத்தி மேலே போய் உச்சியில் குத்தியிருக்கும் அன்னாசியைத் தட்டும். பறந்து வரும் துண்டைப் பார்க்காமலே பிடித்துவிடுவார். நம் முன்னால் பத்துப் பேர் நிற்பதால்தான் நம் டாக்கோவின் ஓரம் அப்படி முறுகியிருக்கிறது. கூட்டத்தால் சுவை கூடும் கடையில் காத்திருக்க எனக்கு வருத்தமில்லை.

மறுபடி போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் பயணத்தில் எந்த வரிசையிலும் நிற்கலாம், அதுவும் ஒரு வேடிக்கைதான். இரண்டாம் முறை போகும்போது மாலை நேரம் தங்கம். விலையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு காவோனேராவுக்குக் கொடுப்பதில் இரண்டு மூன்று பாஸ்தோர் வாங்கிவிடலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கலிஃபாவில் நான் சாப்பிட்டது காவோனேரா மட்டுமே. விலா எலும்பு டாக்கோவான கொஸ்தீயாவை மெச்சுபவர்கள் உண்டு, அதைப் பற்றி என் தீர்ப்பு செல்லாது. வரிசை குறைந்த வேளை ஒன்று தெரிந்துவிட்டால் என் கணக்கும் கொஞ்சம் மாறக்கூடும். மசாலா மறைக்காத இறைச்சி வேண்டும் என்பவர்கள் தயங்காமல் கலிஃபாவுக்குப் பக்கத்திலுள்ள சான் கோஸ்மே மெட்ரோ நிலையத்தில் இறங்கிக்கொள்ளட்டும்.

வில்சீத்தோவுக்குப் போகிறவர்கள் அவசரப்பட்டுச் சீக்கிரம் போக வேண்டாம். ஒரே தடவையில் ஆறேழு டாக்கோ வாங்கவும் வேண்டாம். ஆறிய பாஸ்தோரில் கொழுப்பு உறைந்துவிடும், இரண்டிரண்டாகக் கேளுங்கள். கிரிங்காவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை டார்ட்டியாவில் பாலாடைக்கட்டி உருகி வழியும் அதை முதலில் சாப்பிட்டுவிட்டால், வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காது.