டுஷேன் குழந்தைகளுக்கு 'ஸ்டெம் செல்' பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

டுஷேன் தசைச்சிதைவு (தசை மெல்ல மெல்ல வலுவிழக்கும் மரபணு நோய்) உள்ள பையன்களின் பெற்றோர் கவனத்துக்கு.

என் மகனுக்கு ஐந்து வயது. எம்எல்பிஏ என்ற மரபணுப் பரிசோதனையில், தசைக்கு வலு தரும் டிஸ்ட்ரோபின் மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று உறுதியானது. நரம்பியல் மருத்துவர் ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் வெளியூர் தனியார் மையம் ஒன்றிலிருந்து போன். பையனின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் (புது செல்களை உருவாக்கும் மூல செல்) எடுத்து முதுகுத்தண்டில் ஊசி போடுவார்களாம். பிசியோதெரபி உட்பட நாலு லட்சம். "ஆறு மாசத்துல தம்பி தானா படி ஏறுவான் சார்."

கட்டினோம். அட்மிஷன் அன்று நீட்டிய படிவத்தில் 'பலனுக்கு உத்தரவாதம் இல்லை' என்று பொடி எழுத்தில் இருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று, சிபிகே (தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) 16,000லிருந்து 9,000க்கு இறங்கிவிட்டது, தசை தேறுகிறது என்றார்கள். எங்கள் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஓடியாடாமல் படுத்திருந்தாலே சிபிகே இறங்கும். வருஷம் போகப் போகத் தசை கரைவதாலும் இறங்கும். அது குணமானதற்கு அடையாளமே இல்லை. அவர்கள் அனுப்பும் வீடியோக்களும் இதே ரகம். இந்த நோயில் ஆறேழு வயது வரை, வளர்ச்சியின் வேகத்தில் பிள்ளைகள் முன்பைவிட நன்றாக நடப்பதுண்டு. ஸ்டீராய்டும் கைகொடுக்கும். பெயர் மட்டும் ஊசிக்கு!

இதைவிடக் கொடுமை, "ஸ்டீராய்டை இன்றோடு நிறுத்துங்கள், செல்லைக் கொன்றுவிடும்" என்று மையத்தார் சொன்னது. நடக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டிக்கும் என்று நிரூபணமான மருந்து அது. பல மாதம் கொடுத்ததைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நாங்கள் நிறுத்தவில்லை. வேறு யாராவது நிறுத்தியிருந்தால் உடனே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டு நெறிகள்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாமே ஆராய்ச்சிதான். சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்த, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பதிவு எண் என்னவென்று கேட்டேன். மையத்தின் ஜிஎஸ்டி சான்றிதழை வாட்ஸப்பில் அனுப்பினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ரெண்டாவது டோஸ் பாதி விலைக்குப் போடுறோம்" என்று பதில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். எங்களுடையதில் ஸ்டெம் செல் என்ற பேச்சே இல்லை, 'மறுவாழ்வு சிகிச்சை' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் அனுப்பிய வாட்ஸப் செய்திகள், வீடியோ, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் அழித்துவிடாதீர்கள்.