காய்ச்சலாமா, காத்திருக்கலாமா, உருக்கி ஊற்றலாமா? வீட்டுச் சோப்பின் மூன்று வழிகள்

வீட்டில் சோப்பு செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால், காஸ்டிக் சோடாவை, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரத்தை, நீங்களே கையாளப் போகிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். மணம், நிறம், அச்சின் வடிவம் எல்லாம் அதற்குப் பிறகு. வழக்கில் இருக்கும் மூன்று முறைகளும் பிரிகிற இடம் அதுதான். மெல்ட் அண்ட் போர் முறையில் காஸ்டிக் சோடாவின் வேலையை வேறொருவர் முடித்து, சோப் பேஸ் என்ற கட்டியாக நம் கையில் கொடுத்துவிடுகிறார். ஹாட் பிராசஸில் அந்த வேலை அடுப்பின் மேல், நம் கண்முன்னே, ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது. கோல்ட் பிராசஸில் அது அச்சுக்குள், நாம் தூங்கும்போது நடக்கிறது.

'காஸ்டிக் சோடாவே இல்லாத கட்டிச் சோப்பு' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காரத்தோடு சேராமல் எண்ணெய் சோப்பாக மாறாது. எண்ணெயின் ஒரு மூலக்கூறு மூன்று சோடியம் ஹைட்ராக்சைடு மூலக்கூறுகளோடு வினைபுரிந்து, மூன்று சோப்பு மூலக்கூறுகளையும் ஒரு கிளிசரினையும் தருகிறது. கொழுப்பின் இந்த அமைப்பைப் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜேன் செவ்ரோல் ஆராய்ந்து 1823இல் விரிவாக வெளியிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மக்கள் சாம்பல் நீரை வைத்துக் கைப்பக்குவத்தில் சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கணக்குச் சரியாக இருந்தால், முடிந்த சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்காது. ஆகவே இந்த மூன்று முறைகளையும் 'ரசாயனம், இயற்கை' என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதை நாம் தீர்மானிக்கிறோம், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஒரே கணக்கு, இரண்டு பாத்திரம்

கோல்ட், ஹாட் இரண்டையும் ஒப்பிட ஒரே எண்ணெய்க் கலவையை எடுத்துக்கொள்வோம். ஆலிவ் எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் சோடா வேறு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 74 கிராம் சொச்சம் வரும். அதில் 5 விழுக்காட்டைக் குறைத்து, சுமார் 70 கிராம் எடுப்போம். இப்படிக் குறைப்பதால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் தங்கிவிடும். அதற்குத்தான் சூப்பர்ஃபேட் என்று பெயர். தோலுக்கு மென்மை தருவதோடு, அளவில் சிறு பிசகு நேர்ந்தால் தாங்கிக்கொள்ளும் இடைவெளியும் அதுவே.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேலே சொன்ன தேங்காய் எண்ணெய் 150 கிராமுக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெயை ஊற்றிவிட்டு, காஸ்டிக் சோடாவை அதே 70 கிராமாக வைத்தால், சூப்பர்ஃபேட் முழுவதும் கரைந்துபோய் அதற்கு மேலும் ஏறத்தாழ 3 கிராம் காரம் மிஞ்சும். அந்தச் சோப்பு தோலை எரிக்கும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். அதேபோல் எல்லாவற்றையும் எடையில்தான் அளக்க வேண்டும். கரண்டியும் குவளையும் இந்த வேலைக்கு ஆகாது. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாதவர்கள், அதை வாங்கும்வரை இந்த இரண்டு முறைகளையும் தொட வேண்டாம் என்றே சொல்வேன்.

கோல்ட் பிராசஸில் 70 கிராம் காஸ்டிக் சோடாவை 140 கிராம் தண்ணீரில் கரைப்போம். கரைசல் தானாகவே 80, 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அது ஆறி 40 டிகிரி அருகில் வந்ததும், ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கும் எண்ணெயில் ஊற்றி ஸ்டிக் பிளெண்டரால் விட்டுவிட்டு அடித்தால் சில நிமிடங்களில் கலவை கெட்டியாகும். கரண்டியிலிருந்து சொட்டுவது மேலே ஒரு நொடி தடமாக நின்று பிறகு அமிழும். ட்ரேஸ் என்பது இந்தப் பதம்தான். அப்போது அச்சில் ஊற்றி மூடிவைத்தால் ஒன்றிரண்டு நாளில் துண்டு போடலாம். வினையின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்கும். அப்புறம் நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டத்தில் உலர வேண்டும்.

ஹாட் பிராசஸிலும் இதே கலவைதான், இதே ட்ரேஸ்தான். தண்ணீரை மட்டும் 190 கிராம் வரை கூட்டிக்கொள்வோம், காய்ச்சும்போது ஆவியாகிப் போவதற்காக. பாத்திரத்தை ஸ்லோ குக்கரிலோ, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலோ வைத்து மெல்லிய சூட்டில் விட்டுவிட்டால், கலவை முதலில் திரிதிரியாகும், பிறகு மசித்த உருளைக்கிழங்கு போல ஆகும், கடைசியில் வாசலின் போலப் பளபளப்பான, கண்ணாடித்தன்மை கொண்ட கூழாக மாறும். நடுவில் ஒருமுறை பொங்கி எழும். பாத்திரம் கலவையைப் போல இரண்டு மடங்காவது கொள்ள வேண்டும் என்பது இதற்காகத்தான். பதம் வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து ஆறவைத்து, நுனிநாக்கில் லேசாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பேட்டரியை நக்கியது போல் சுரீரென்றால் இன்னும் காரம் இருக்கிறது. சோப்பின் சுவை மட்டும் தெரிந்தால் வேலை முடிந்தது.

ஒரே எண்ணெய், ஒரே காரம்தான். ஆனாலும் இரண்டு கட்டிகளையும் பக்கத்தில் வைத்தால் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடலாம். கோல்ட் பிராசஸ் கட்டி வழவழப்பாக, ஓரங்கள் கூர்மையாக இருக்கும். திரவமாக ஊற்றியதால் நிறங்களைச் சுழற்றிக் கோலம் போல வரைய முடியும். ஹாட் பிராசஸ் கூழை அச்சில் அள்ளி வைத்து, காற்றுக்குமிழ் போகத் தட்டி இறக்க வேண்டும். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகத்தான் வரும். எனக்கு அந்தக் கரடுமுரடு பிடிக்கும். படம் எடுத்துக் காட்ட விரும்புகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம்.

மணத்தில் ஹாட் பிராசஸ் முந்துகிறது. அச்சில் ஊற்றும்போது கோல்ட் பிராசஸ் கலவையில் காரம் இன்னும் முழு வீச்சில் இருக்கிறது. நாம் சேர்க்கும் நறுமண எண்ணெய் அதனோடு மோத வேண்டியிருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணங்கள் வாரக்கணக்கில் உலரும்போது மங்கிவிடுகின்றன. சில மணங்கள் கலந்த நொடியிலேயே மொத்தத்தையும் கல்லாக இறுக்கிவிடுகின்றன. காய்ச்சிய கூழில் காரம் ஏற்கெனவே செலவாகிவிட்டதால் கொஞ்சம் சூடு தணிந்த பிறகு மணத்தைச் சேர்த்தால் போதும், குறைந்த அளவு சேர்த்தாலே மணம் நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு. கணக்கிட்ட எண்ணெய்களை முழுமையாகச் சோப்பாக்கிவிட்டு, சூப்பர்ஃபேட்டாக நாம் விரும்பும் எண்ணெயைக் கடைசியில் தனியாகச் சேர்க்கலாம். கோல்ட் பிராசஸில் எந்த எண்ணெய் மிஞ்சும் என்பது நம் கையில் இல்லை. பால் சேர்க்க நினைத்தால் மட்டும் கோல்ட் பக்கம் வந்துவிடுங்கள். பாலை உறையவைத்து அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் வெளிர் நிறம் தங்கும். காய்ச்சும்போது பாலின் சர்க்கரை கருகிப் பழுப்பாகிவிடும்.

காத்திருப்பதைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஹாட் பிராசஸ் சோப்பில் அன்றைக்கே குளிக்கலாம் என்பது பாதுகாப்பு அளவில் சரி. ஆனால் அதில் தண்ணீர் அதிகம் என்பதால் கட்டி மிருதுவாக இருக்கும், குளியலறையில் சில நாட்களிலேயே கரைந்துவிடும். உலரவிட்டால்தான் கெட்டிப்படும், நுரையும் கூடும். நான் இரண்டையும் நான்கு வாரம் காத்திருக்க வைக்கிறேன். அவசரத்துக்காக ஹாட் பிராசஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் நல்லது.

உருக்கி ஊற்றுவது

மெல்ட் அண்ட் போரைக் குறைத்துப் பேச மாட்டேன். சோப் பேஸை நறுக்கி, 50, 60 டிகிரியில் உருக்கி, நிறமும் மணமும் கலந்து அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் சோப்பு தயார். கண்ணாடி போன்ற தெளிவும், துல்லியமான அடுக்குகளும், உள்ளே பூவிதழ் தெரியும்படி பதிப்பதும் இதில்தான் எளிது. பேஸை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் கருகிய வாடை வரும். இருக்கும் ஆபத்து சூடு பட்டுக்கொள்வது மட்டும்தான். குழந்தைகளை உட்காரவைத்துச் செய்வதற்கு வேறு முறையை நினைக்கவே கூடாது.

ஆனால் எண்ணெயை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எளிதில் உருகவும் தெளிவாக இருக்கவும் கூடுதல் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், சர்பிட்டால் போன்றவை பேஸில் சேர்க்கப்பட்டிருக்கும். சில பேஸ்களில் செயற்கை நுரைப்பொருளும் உண்டு. பின்னால் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், ஈரப்பதமான நாட்களில் கட்டியின் மேல் வியர்வை போலத் துளிகள் அரும்பும். ஆறியதும் காற்றுப் புகாமல் சுற்றிவைத்தால் அது வராது.

ஆபத்தும் அதன் கால அளவும்

காஸ்டிக் சோடா விஷயத்தில் சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எவர்சில்வரோ, தடித்த பாலிபுரொப்பிலீன் பாத்திரமோ ஏற்றது. கண்ணாடி ஜாடி நாளடைவில் அரிக்கப்பட்டு ஒருநாள் சட்டென்று உடையலாம். கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, திறந்த ஜன்னல் எல்லாம் வேண்டும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். வினிகரைத் தேய்க்கச் சொல்வதைக் கேட்காதீர்கள். காரமும் அமிலமும் சேரும்போது இன்னும் சூடு கிளம்பும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவியை நாட வேண்டும். அடைப்பு நீக்கும் தூளில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம், அதைச் சோப்புக்கு எடுக்காதீர்கள்.

இந்த விதிகள் கோல்ட், ஹாட் இரண்டுக்கும் பொது. ஆனால் கோல்ட் பிராசஸில் கவனம் சிதறக் கூடாத நேரம், கரைசல் கலக்கியது முதல் அச்சை மூடும்வரைதான். ஹாட் பிராசஸில் சூடான, ஒட்டிக்கொள்ளும், காரம் நிறைந்த கலவையோடு ஓரிரு மணி நேரம் நிற்க வேண்டும். நடுவில் வாசல் மணி அடித்தால் கூடப் போக முடியாது. வீட்டில் சின்னக் குழந்தை ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே கோல்ட் பிராசஸை, அதுவும் குழந்தை வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, தேர்ந்தெடுப்பேன்.

கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை எண்ணெய் ஆறிப்போயிருந்ததைக் கவனிக்காமல் அடித்தேன். தேங்காய் எண்ணெய் 25 டிகிரி அருகிலேயே உறையத் தொடங்கிவிடும். அந்த உறைந்த கெட்டியை ட்ரேஸ் என்று நம்பி அச்சில் ஊற்றிவிட்டேன். மறுநாள் மேலே எண்ணெய், அடியில் காரநீர். கையுறை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பாத்திரத்தில் வழித்துப் போட்டு மெல்லிய சூட்டில் காய்ச்சினேன். இரண்டு மணி நேரத்தில் பளபளப்பான கூழ் வந்தது. கோல்ட் பிராசஸில் பிரிந்துபோனதை ஹாட் பிராசஸ் காப்பாற்றும் என்பதால், கோல்ட் செய்கிறவர்களும் காய்ச்சும் பக்குவத்தைக் கற்றுவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டியின் மேல் வெள்ளைப் பொடி படிந்தால் பயப்பட வேண்டாம், அது சோடியம் கார்பனேட். துடைத்தால் போய்விடும். ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தால் எண்ணெய் சிக்கெடுத்துவிட்டது. சூரியகாந்தி போன்ற எண்ணெய்களை அதிகம் சேர்க்கும்போது இது நடக்கும். காய்ச்சியும் அதைச் சரிசெய்ய முடியாது.

திரவச் சோப்பு வேண்டும் என்றால் இந்தப் போட்டியே வேறு. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, எடையில் ஏறத்தாழ 1.4 மடங்கு. பெரும்பாலும் காய்ச்சித்தான் செய்வார்கள்.

எதில் தொடங்குவது?

'முதலில் மெல்ட் அண்ட் போர், பழகியதும் கோல்ட், கடைசியாக ஹாட்' என்று ஒரு படிக்கட்டு போல அடுக்கிச் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மெல்ட் அண்ட் போரில் நூறு கட்டி ஊற்றினாலும் காஸ்டிக் சோடாவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. அது தனியான ஒரு கைவேலை. அடுத்த வாரம் யாருக்காவது அழகாகப் பரிசளிக்க வேண்டும், பிள்ளைகளோடு ஒரு மாலை கழிக்க வேண்டும் என்றால் அதைச் செய்யுங்கள். எண்ணெய் சோப்பாக மாறுவதைப் பார்க்கத்தான் இந்த ஆசை வந்தது என்றால், நேராகக் கோல்ட் பிராசஸில் இறங்குங்கள். முதல் முறை 500 கிராம் எண்ணெய் போதும். மணம், நிறம் எதுவும் வேண்டாம். தவறு எங்கே நடந்தது என்று அப்போதுதான் தெரியும். இரண்டு மூன்று முறை செய்து ட்ரேஸ் கண்ணுக்குப் பழகிய பிறகு அதே கலவையைக் காய்ச்சிப் பாருங்கள்.

இரண்டு விதக் கட்டிகளையும் ஒரே தட்டில், காகிதம் விரித்து, செய்த தேதியை எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எடை குறைவது நின்ற வாரத்தில் எடுத்துக் குளிக்கலாம்.