காலெலும்பில் ஒரு தாடை: மூன்று வருடத்துக்குப் பிறகு

களுவாஞ்சிகுடியிலிருந்து சிநேகிதன் ஒருவன் நேற்றுக் கேட்டான்: “அக்காவுக்கும் தாடை எலும்பு வெளியே தெரியுது மச்சான். காலெலும்பை எடுத்துத் தாடையில் வைக்கிற, நீ செய்துகொண்ட ஒப்பரேஷனைச் செய்யச் சொல்லவா?” போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை.

கதிர்ச்சிகிச்சை முடிந்து மூன்றாம் வருடம் எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கதிர் பட்ட இடமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கதிர் பட்ட எலும்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டுவிடும். புண்பட்டால் ஆறுவது கடினம். இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் பென்ரொக்சிபிலின் மருந்தும் விற்றமின் ஈயும் மாதக்கணக்கில் குடித்தேன். கடைசியில் பிட்டுச் சாப்பிடும்போதே தாடை முறிந்தது.

தாடையில் செத்துப்போன எலும்பை வெட்டியெடுத்தார்கள். அந்த இடத்துக்குக் கணைக்காலின் மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாயோடும் கொஞ்சத் தோலோடும் எடுத்து, தாடை வளைவுக்கு வெட்டி, டைட்டேனியம் தகட்டில் பூட்டி, குழாயைக் கழுத்துக் குழாயோடு தைத்தார்கள். இரத்த ஓட்டத்தோடு வந்த எலும்பு என்பதால்தான் அந்த இடத்திலும் பிடித்தது. காலுக்குத்தான் பயந்தேன். கணுக்காலுக்கு மேலே கொஞ்ச எலும்பை விட்டுவைப்பார்கள், அதனால் மூட்டுத் தளர்ந்து ஆடாது. நாலாம் மாதம் கல்லடிப் பாலத்தை முழுக்க நடந்து கடந்தேன். அந்த வைத்தியரின் கையை எத்தனை முறை கும்பிட்டாலும் போதாது. வாய்க்குள் கால் மயிர் முளைக்கிறது, அதுவும் பழகிவிட்டது.

பழகாதது கீழுதடு. தாடைக்குள் ஓடும் நரம்பு செத்த எலும்போடு போய்விட்டது. வலப்பக்க உதடும் நாடியும் மரத்தபடி. தயிர் வழிந்தால் தெரியாது. தேத்தண்ணி வழிந்தால் சேட்டு நனைந்த பிறகுதான் தெரியும். வீட்டில் பேத்தி சொல்லுவாள். போன கிழமை கலியாண வீட்டில், எதிரே இருந்தவர் முகத்தைத் திருப்பியபோதுதான் லேஞ்சியை எடுத்தேன். கையெழுத்து வாங்கிய தாளில் இது எங்காவது இருந்திருக்கலாம். காலைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னவர்கள், உதட்டைப் பற்றி ஒரு வசனம் வாயால் சொல்லியிருக்கலாம்.

இன்றைக்குக் கேட்டால், எனக்கு இன்னொரு முறை இது வேண்டாம். அக்காவுக்கு? எலும்பு கொஞ்சமாகத் தெரிகிறதென்றால் முதலில் மருந்தால் முடியுமா என்று நிபுணரிடம் கேட்கட்டும். முறிந்துவிட்டால், கன்னத்தைத் துளைத்துச் சீழ் வந்தால், நாள் கடத்தாமல் செய்யச் சொல்லு. உதடு என்ன ஆகும் என்று கட்டாயம் கேட்க வேண்டும். கதிர் பட்டதைச் சொல்லாமல் எந்தப் பல்லையும் பிடுங்க விடவேண்டாம்.