எனர்ஜி ஒம்புட்ஸ்மனின் புரோக்கர் முறைப்பாட்டுச் சேவை: சிறுகடைக்காரரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பிரித்தானியாவில் மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை, முடிதிருத்தகம் என்று எதை நடத்தினாலும், மின்சாரமும் எரிவாயுவும் விற்க வரும் தொலைபேசி அழைப்புகளிலிருந்து தப்புவது கடினம். அவற்றில் உண்மையைத் திரித்துப் பேசி ஒப்பந்தம் பெற்றுக்கொள்ளும் புரோக்கர்களுக்கு, அதாவது கடைக்கும் மின்சாரம் விற்கும் சப்ளையருக்கும் இடையில் நிற்கும் தரகர்களுக்கு, எதிரான முறைப்பாடுகளை 2022 டிசெம்பர் 1 முதல் எனர்ஜி ஒம்புட்ஸ்மன் என்ற நடுநிலை அமைப்பு விசாரித்து வருகிறது. ஹரோ, வெம்பிளி பக்கத்தில் சிறுகடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், இந்தச் சேவையைப் பற்றிப் படித்து அறிந்ததோடு நில்லாமல், கடைக்காரர் ஒருவருக்காக முறைப்பாட்டை எழுதி அனுப்பி, தீர்ப்பு வரும்வரை கூட இருக்கவும் நேர்ந்தது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். குறைத்த அந்த ஒன்றுக்கான காரணம், இந்தச் சேவை எந்தச் சட்டத்துக்குள் நின்று இயங்க வேண்டியிருக்கிறதோ அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

முதலில் அழைப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அழைப்பவர் தன்னை விற்பனையாளர் என்று அறிமுகப்படுத்துவது அரிது. "உங்கள் மின்சாரக் கணக்குத் தொடர்பாக" என்று தொடங்கி, தற்போதைய சப்ளையரின் ஆளோ, மீற்றர் பிரிவின் ஆளோ என்று கேட்பவர் தானாகவே நினைத்துக்கொள்ளும்படி பேசுவார். அடுத்ததாக, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இன்று பிற்பகலுக்குள் புதுப்பிக்காவிட்டால் கட்டணம் இரட்டிப்பாகும் என்ற அவசரம் வரும். பிறகு பில்லை எடுத்து, 'எஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கட்டங்களுக்குள் இருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்வார். அதன் கீழ்வரிசையில் உள்ள 13 இலக்கங்கள்தான் எம்பான் எனப்படும் இணைப்பு எண். உண்மையிலேயே உங்கள் சப்ளையர் அழைத்திருந்தால் அந்த எண் அவரிடமே இருக்கும், உங்களிடம் கேட்கத் தேவையில்லை. எரிசக்தித் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் நிர்ணயித்த விலை உச்சவரம்பு உயரப்போகிறது என்று மிரட்டும் அழைப்பாளர்களும் உண்டு. அந்த உச்சவரம்பு வீட்டுப் பாவனையாளருக்கு மட்டுமே உரியது, கடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒஃப்ஜெம் யாருக்கும் மின்சாரம் விற்பதும் இல்லை.

நான் முறைப்பாடு எழுதிக் கொடுத்தவர் மளிகைக்கடை நடத்துபவர், என்னைவிட வயதில் மூத்தவர். எப்படி ஒப்புக்கொண்டீர்கள் அண்ணை என்று கேட்டபோது, "தம்பி, அவன் எங்கட கொம்பனியிலயிருந்து எண்டுதான் கதைச்சவன். நான் ஏன் சந்தேகப்படப் போறன்?" என்றார். சப்ளையரிடமிருந்து ஒலிப்பதிவைக் கேட்டுப் பெற்றோம். அது சில நிமிடங்கள் மட்டுமே நீள்கிறது. அதில் ஒரு பெண் எழுதி வைத்ததை ஒரே மூச்சில் வாசிக்கிறார். வணிகத்தின் சார்பில் ஒப்பந்தம் செய்ய உங்களுக்கு அதிகாரம் உண்டா, ஆம். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பது விளங்குகிறதா, ஆம். இந்த இரண்டு ஆம்களுக்கும் நடுவில், முருங்கைக்காய் என்ன விலை என்று ஒரு வாடிக்கையாளர் கேட்பதும், அண்ணை விலை சொல்வதும், கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் தெளிவாகவே பதிவாகியிருக்கின்றன. மூன்று ஆண்டு ஒப்பந்தம் இப்படித்தான் பிறந்தது. அதற்கு முன்னால் நடந்த நீண்ட பேச்சு, அதாவது பொய்கள் அனைத்தும் சொல்லப்பட்ட பகுதி, அந்தப் பதிவில் இல்லை.

இந்தத் தொழிலின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் இந்த அவசரம் ஏன் என்பதும் விளங்கிவிடும். "எங்கள் சேவைக்கு நீங்கள் எதுவும் கட்டத் தேவையில்லை" என்று சொல்லும் புரோக்கரின் கொமிஷன், பெரும்பாலும் ஒவ்வொரு யூனிட்டின் விலையிலும் சில பென்ஸாக ஏற்றப்பட்டு, சப்ளையர் வழியாக அவரிடம் போய்ச் சேர்கிறது. குளிர்பெட்டிகள் இரவு பகலாக ஓடும் ஒரு கடை ஆண்டுக்கு 40,000 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு 1 பென்ஸ் ஏற்றினால் ஆண்டுக்கு 400 பவுண். அதுவே 3 பென்ஸாக இருந்தால் 1,200 பவுண், மூன்று ஆண்டில் 3,600 பவுண். ஒப்பந்தக் காலம் நீளும் அளவுக்குக் கொமிஷனும் கூடுவதால்தான் ஓராண்டு ஒப்பந்தத்தைப் பற்றி அழைப்பவர்கள் வாயே திறப்பதில்லை.

2022 ஒக்டோபர் முதல், மிகச்சிறு வணிகங்களுக்கான (எவை என்பதைக் கடைசிப் பந்தியில் சொல்கிறேன்) ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனைகளில் இந்தக் கொமிஷனைச் சப்ளையர் வெளிப்படையாகக் காட்டியாக வேண்டும். 2024 ஒக்டோபரிலிருந்து எல்லா வணிகங்களுக்கும் அந்த விதி விரிவாக்கப்பட்டுள்ளது. முறைப்பாடு எழுதும்போது எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்த விதிதான். அண்ணையின் மின்னஞ்சலில் திறக்கப்படாமலே கிடந்த ஒப்பந்தக் கோப்பில் அந்தத் தொகை எழுதப்பட்டிருந்தது. அதே புரோக்கரின் முகவர் அன்று மாலை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில், எங்கள் சேவை முற்றிலும் இலவசம், மறைமுகக் கட்டணம் எதுவும் கிடையாது என்று இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தபின் நான் நீண்ட வாதம் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இனிச் சேவைக்கு வருகிறேன். முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. முதலில் புரோக்கரிடமே எழுத்தில் முறையிட வேண்டும். எட்டு வாரங்களில் தீராவிட்டாலோ, இதற்குமேல் எதுவும் செய்ய முடியாது என்று அவர்களே கடிதம் தந்துவிட்டாலோ ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, பில், ஒலிப்பதிவு, செய்திகளின் படம் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். கேள்விகள் எளிய மொழியில் கேட்கப்படுகின்றன. கேட்கப்படுவதை விட அதிகமாக எழுதி, கோபத்தையெல்லாம் கொட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. யார், எந்தத் தேதியில், எதைச் சொன்னார், அது ஏன் உண்மையல்ல என்ற வரிசையில் ஒரு பக்கம் எழுதினால் போதும். தீர்ப்பை முறைப்பாட்டாளர் ஏற்றுக்கொண்டால் அது எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்தும், ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் வழி அவருக்குத் திறந்தே இருக்கும்.

புரோக்கருக்கு எதிரான முறைப்பாடும் சப்ளையருக்கு எதிரான முறைப்பாடும் வெவ்வேறானவை என்பதை இந்தச் சேவையை நாடும் ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே கவனத்தில் கொள்ள வேண்டும். புரோக்கர் மீதான தீர்ப்பு புரோக்கரை மட்டுமே கட்டுப்படுத்தும், சப்ளையருடனான ஒப்பந்தத்தை அது தானாக முறிக்காது. எங்கள் விடயத்தில் கொமிஷனுக்குச் சமமான தொகையைப் புரோக்கர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகியது, பணமும் வந்து சேர்ந்தது. ஒப்பந்தம் மட்டும் அதே விலையில் தொடர்கிறது. அண்ணைக்கு அதில் அரைத் திருப்திதான். ஒப்பந்தம் செய்யப்பட்ட முறையில் சப்ளையரும் தவறியிருந்தால், இரண்டு முறைப்பாடுகளையும் ஒரே நாளில் அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

புரோக்கர் இந்தத் திட்டத்தில் சேராமல் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழலாம். அங்கீகரிக்கப்பட்ட முறைப்பாட்டுத் திட்டமொன்றில் சேராத புரோக்கர் மூலம் மிகச்சிறு வணிகங்களின் ஒப்பந்தங்களைச் சப்ளையர்கள் ஏற்கக் கூடாது என்று ஒஃப்ஜெம் விதித்திருப்பதால், இந்தச் சுமை கடைக்காரரின் தலையில் விழுவதில்லை. அழைப்பவரிடம் நிறுவனத்தின் முழுப்பெயரைக் கேட்டு, ஒம்புட்ஸ்மனின் உறுப்பினர் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிதுதான். பெயரைச் சொல்லத் தயங்குபவருடன் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

மதிப்பெண்ணைக் குறைத்ததற்கான காரணம் இதுதான். வீட்டுக்காக ஒருவர் தொலைபேசியில் மின்சார ஒப்பந்தம் செய்தால் 14 நாட்களுக்குள் மனம் மாறி விலகிக்கொள்ளலாம். அதே மனிதர் கீழ்த்தளத்தில் இருக்கும் தன் கடைக்காகச் செய்தால் அந்த உரிமை இல்லை, வாய்மொழியாகச் சொன்ன 'ஆம்' அந்தக் கணமே கட்டுப்படுத்திவிடும். மிகச்சிறு வணிகங்களுக்கும் 14 நாள் அவகாசம் வேண்டும் என்று 2020இல் ஒஃப்ஜெம் தானே முன்மொழிந்தது. இறுதி விதிகளில் அது இடம்பெறவில்லை. அது இடம்பெற்றிருந்தால் ஒம்புட்ஸ்மன்வரை வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி எழுந்திருக்கவே மாட்டாது என்பது என் கணிப்பு. வியாபாரி என்றால் சட்டம் தெரிந்தவன், வழக்கறிஞரை வைத்திருப்பவன் என்ற எண்ணம் எப்படி வந்ததோ தெரியவில்லை. காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போய், இரவு பத்து மணிக்குக் கடை அடைப்பவருக்கு ஒப்பந்தக் கோப்பைப் படிக்க எப்போது நேரம்?

அழைப்பே வராமல் தடுக்கும் சேவை ஒன்றும் உண்டு. லிமிடெட் கொம்பனிகள் சி.டி.பி.எஸ். என்ற பதிவேட்டிலும், தனியாள் வியாபாரிகள் டி.பி.எஸ். என்ற பதிவேட்டிலும் தங்கள் எண்ணை இலவசமாகச் சேர்க்கலாம், 28 நாட்களில் அது முழுமையாக நடைமுறைக்கு வரும். ஒழுங்காகத் தொழில் செய்யும் நிறுவனங்களின் அழைப்புகள் அதன்பின் குறைந்துவிடும். சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் எப்போதும்போல் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பதிந்து வைப்பதில் நட்டமில்லை, அதை நம்பி இருந்துவிடுவதில்தான் நட்டம்.

அதைவிடப் பயன் தருவது பில்லை ஒருமுறை ஆறுதலாகப் பார்ப்பது. நிலையான காலத்துக்கு ஒப்பந்தம் செய்த மிகச்சிறு வணிகத்தின் பில்லில் ஒப்பந்தம் முடியும் தேதி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்ற பொய் முதல் வாக்கியத்திலேயே அடிபட்டுவிடும். என்னிடம் வரும் கடைக்காரர்கள் பலருக்கு நானே எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

யார் இந்தச் சேவைக்குத் தகுதியானவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 100,000 யூனிட்டுக்கு மேற்படாத மின்சாரமோ, 293,000 யூனிட்டுக்கு மேற்படாத எரிவாயுவோ பாவிக்கும் கடை மிகச்சிறு வணிகமாகும். பத்துக்குக் குறைவான ஊழியர்களும் 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படாத ஆண்டு விற்பனையும் உள்ள கடையும் அதில் அடங்கும். இவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும் என்பதால், நம்மவர்கள் நடத்தும் கடைகளில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். 2024 டிசெம்பரிலிருந்து 50க்குக் குறைவான ஊழியர் உள்ள சிறுவணிகங்களுக்கும் ஒம்புட்ஸ்மனின் கதவு திறந்திருப்பதால், கொஞ்சம் பெரிய உணவகங்களும் கல்யாண மண்டபங்களும் கூடப் போகலாம். மீற்றர் கட்டட உரிமையாளரின் பெயரில் இருந்து, வாடகையோடு சேர்த்து மின்கட்டணம் கொடுப்பவர்களின் நிலை வேறு. சப்ளையருடன் ஒப்பந்தம் வைத்திருப்பவர் உரிமையாளர் என்பதால், முறைப்பாட்டையும் அவர்தான் தொடங்க வேண்டியிருக்கும்.