ஒரே வளையம், இரண்டு வெட்டுகள்

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதையும்போது கிடைக்கும் விதவிதமான வளையச் சேர்மங்களைப் பாக்டீரியாக்கள் கடைசியில் ஓரிரு எளிய மூலக்கூறுகளாக மாற்றிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று கேட்டகால். ஆறு கார்பன் வளையம், பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் இரண்டு ஹைட்ராக்சில்கள் (OH தொகுதிகள்). இதை உடைக்க ஆக்சிஜன் வேண்டும். எந்தப் பிணைப்பில் உடைப்பது என்பதில்தான் இரண்டு நொதிகள் வேறுபடுகின்றன.

கேட்டகால் 1,2-டைஆக்சிஜனேஸ் இரு ஹைட்ராக்சில்களுக்கும் நடுவில் வெட்டும். 2,3-டைஆக்சிஜனேஸ் ஒரு பிணைப்பு தள்ளி, ஜோடிக்கு வெளியே வெட்டும். இரண்டிலும் ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் விளைபொருளுக்குள் போய்விடுகின்றன. முதல் நொதியில் இதை ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் கொண்டு 1955-இல் நிரூபித்தது ஒசாமு ஹயாய்ஷியின் குழு. ஆக்சிஜன் நேரடியாகச் சேர்கிறது என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி.

எனக்குப் பிடித்த வேறுபாடு இரும்பில் இருக்கிறது. 1,2 நொதியில் இருப்பது மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பு. டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு அதைப் பிடித்திருப்பதால் நொதியே செந்நிறமாக இருக்கும். அது கேட்டகாலைத் தூண்டிவிட்டு ஆக்சிஜனை வரவழைக்கிறது. 2,3 நொதியின் இரும்புக்கு நேர்மின்சுமை இரண்டுதான். அது கேட்டகாலோடு ஆக்சிஜனையும் தானே பிடித்துக்கொள்கிறது. நொதிக்கு நிறமில்லை, விளைபொருளோ பளிச்சென்ற மஞ்சள். பாக்டீரியாக் கூட்டங்கள் மேல் கேட்டகால் தெளித்தால் மஞ்சளாகிற கூட்டத்தில் 2,3 நொதியின் மரபணு வேலை செய்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பொருள் தயாரிப்பதென்றால் தயங்காமல் 1,2 நொதியைச் சொல்வேன். அது தரும் மியூகானிக் அமிலத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் அடிபிக் அமிலம், அதிலிருந்து நைலான். தாவரக் கழிவிலிருந்து அங்கே போக முடிவது பெரிய விஷயம்.

ஆனால் வளையத்தில் மீதைல் என்ற ஒற்றைக் கார்பன் தொகுதி தொங்கினால் கதை மாறுகிறது. நடுவெட்டுப் பாதை பல பாக்டீரியாக்களில் மீதைல் லாக்டோன் என்ற இடைப்பொருளோடு முட்டி நின்றுவிடும். வெளிவெட்டு தாண்டிப் போகும். அதற்கும் விலை உண்டு: 4-மீதைல்கேட்டகாலோடு வேலை செய்யும்போது 2,3 நொதியின் இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து செயலிழக்கும். சில சூடோமோனாஸ் பாக்டீரியாக்களில், சைல்-டி (XylT) என்ற சிறிய ஃபெரெடாக்சின் புரதம் எலக்ட்ரான் கொடுத்து அதை மீட்டெடுக்கிறது.